ஊர்சுற்றிக் கிளி

மாரித்தாய் வீட்டுப் பெண்களுக்குக் கைவேலை என்றால் உயிர். அந்த ஆசை தாய்வழியாக ஒரு தலைமுறையும் தப்பாமல் இறங்கி வந்திருந்தது. கைத்திறனும் கூடவேதான் கிளம்பியிருக்க வேண்டும். வழியில் ஏதோ ஒரு பஸ் ஸ்டாப்பில் இறங்கி நின்றுவிட்டது.

மாரித்தாயின் அம்மா கருப்பம்மாள் கரிசல் மண்ணைப் பிசைந்து குதிரை செய்தவள். பார்த்தவர்கள் மரியாதைக்காக, "ஆமை நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். மல்லாங்கிணற்றில் வாழ்க்கைப்பட்ட மாரித்தாயின் மகள் பத்திரகாளி ஒயர்க்கூடை பின்னுவாள். அதில் தக்காளி வாங்கிக்கொண்டு கிளம்பினால் வீட்டுக்குக் கூடை மட்டும் வந்து சேரும். பத்திரகாளியின் மகள் ஓவியா ஐந்தாம் வகுப்பில் தெர்மாக்கோலைச் செதுக்கித் தாஜ்மகால் செய்துகொண்டு போனாள். "ஆலங்குளம் சிமெண்ட் பாக்டரிய நேர்ல பாத்த மாதிரியே இருக்கு" என்று டீச்சர் முதுகில் தட்டிக்கொடுத்தார். ஓவியாவுக்கு அதிலும் சந்தோஷம்தான்.

மாரித்தாயுடையது காகிதக் கிளி.

சிவகாசி அச்சாபீஸ்களில் மை மாறியும் கோணலாகியும் விழுகிற கழிவுத் தாளை வாங்கி வருவாள். பட்டை பட்டையாக வெட்டி, மைதாப் பசை தடவி உருட்டி, உருட்டியதைக் கம்பியில் கோத்து முறுக்கி, ஒரு வளையத்துக்குள் உட்கார வைப்பாள். அதுவரை பாதகமில்லை. கண் வைக்கும்போதுதான் வினை ஆரம்பிக்கும். காலண்டரில் சிரிக்கிற கொழுகொழுக் குழந்தையின் கண்ணை அப்படியே வெட்டி ஒட்டிவிடுவாள். இடது கண் ஒரு குழந்தையுடையது, வலது கண் வேறொரு குழந்தையுடையது. அந்தக் கிளியை மாட்டிய வீட்டில் யார் எந்த மூலைக்கு நகர்ந்தாலும் அது அவர்களையே பார்க்கும். கீழத்தெருவில் சீனிச்சாமி என்று ஒரு தடியன். கிளிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவன், பாதியில் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான்.

இதே மாரித்தாய் அச்சங்குளம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்ட உட்கார்ந்தால், ஒவ்வொரு குழாயும் அச்சில் வார்த்த மாதிரி விழும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களை போர்மேன் அவள் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். கம்பெனியில் சொன்னபடி கேட்கிற கை, வீட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாகிவிடும். மருமகள் பானுப்பிரியா ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏன் அத்தை, கம்பெனியில உருட்டுற மாதிரியே வீட்லயும் உருட்டுனா என்ன?"

"கம்பெனியில உருட்டுறது என்னத்துக்குத் தாயி? வெடிச்சுச் செதறத்தான? வெடிக்கப்போறத அளவெடுத்துச் செஞ்சா போதும். இது நிக்கப்போறது. இத மனசுபோக்குல செய்யணும்."

மனசு போன போக்கு கிளியின் கழுத்தில் தெரிந்தது.

பானுப்பிரியா மாரித்தாயின் மகன் செழியனின் மனைவி. அதே கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறாள். கைவேலை என்றாலே அவளுக்கு ஆகாது. ஜாக்கெட்டில் ஹூக் பிய்ந்தாலும் ஊக்கு இருக்கும்போது ஊசி எதற்கு என்கிற கட்சி. ஆனால், ஒரு கோடையில் கொதிக்கிற பசைச்சட்டி கவிழ்ந்து அவளது இரண்டு கையும் வெந்துபோனபோது, புண் ஆறுகிறவரைக்கும் சோறு ஊட்டி, குளிப்பாட்டி, தலைசீவிப் பின்னிவிட்டவள் மாரித்தாய். பின்னலும் கோணல்தான். அந்தப் பின்னலோடே கம்பெனி மெயின்கேட் வரை போய்வந்தவள் பானுப்பிரியா. ஒருத்தரும் சிரிக்கத் துணியவில்லை.

ஊரில் கல்யாணம், காதுகுத்து, பால்காய்ச்சு எதுவானாலும் மாரித்தாய் கையில் ஒரு கிளியோடு போவாள். வாங்கியவர்கள் வாயெல்லாம் பல்லாக வாங்கினார்கள். அவள் தலை மறைந்ததும் பரணுக்கோ வைக்கோல் படப்புக்கோ அனுப்பினார்கள். இது அவளுக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்குத்தான் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

சாத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவள், பால்காய்ச்சுக்குத் தான் கொடுத்த கிளி கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடப்பதைக் கண்டாள்.  காப்பியைக் குடித்துவிட்டு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கத்தரிக்கோலைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டாள். கம்பெனிக்குப் போனாள், உருட்டிய குழாயெல்லாம் நெளிந்து விழுந்தது. போர்மேன் பானுப்பிரியாவைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா, ஒங்க அத்தைக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார்.  மாரித்தாய்க்குக் கை நின்றால் மூச்சும் நின்றுவிடும் போலிருந்தது.

பானுப்பிரியா சாத்தூருக்குப் போன் போட்டாள். கோழிக்கூட்டுக் கிளியைக் கோழிகள் அதற்குள் கொத்திப் பிய்த்திருந்தன. வேறு கிளி தேடிக் கீழத்தெருவை வீடுவீடாகச் சலித்தாள். கிளி மாட்டிய ஆணி எல்லா வீட்டிலும் இருந்தது. கிளிதான் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயின் பரணில், உடைந்த டேபிள் ஃபேனுக்குப் பின்னால் ஒன்று அகப்பட்டது. இடது கண்ணோரம் பசை வழிந்து காய்ந்து, அழுதது மாதிரி இருந்தது. அதை மஞ்சப்பையில் போட்டுச் சாத்தூருக்குக் கொண்டுபோய்ச் சொந்தக்காரர் வீட்டு நடுச்சுவரில் மாட்டினாள். அடுத்த வாரம் மாமியாரையும் கூட்டிப்போனாள்.

"கோழிக்கூட்டுல கெடந்தது பிள்ளைக விளாட எடுத்ததாம் அத்தை. அன்னைக்கே தொடச்சு மாட்டிட்டாகளாம். பாருங்க, எம்புட்டு லெச்சணமா வச்சிருக்காக."

மாரித்தாய் கிளியைப் பார்த்தாள். கிட்டப்போய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். விடிந்ததும் பரணில் ஏறிக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

அதிலிருந்து அந்த ஒற்றைக் கிளிக்கு ஓய்வில்லாமல் போயிற்று. மாரித்தாய் எந்த வீட்டுக்குக் கிளம்பினாலும் பானுப்பிரியா மஞ்சப்பையோடு சந்து வழியாக முன்னால் ஓடுவாள். மாமியார் செருப்பு மாட்டுவதற்குள் அந்த வீட்டுக்கு மிஸ்டு கால் பறக்கும். கல்யாண வீட்டில் பார்த்த கிளி, மறுவாரம் துட்டி கேட்கப் போன சாவு வீட்டில் தொங்கும். எங்கே போனாலும் மாரித்தாய் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாள், தலையை ஆட்டிக்கொள்வாள், உட்காருவாள்.

இப்படியே ஓடியிருக்கும், பங்களா ஐஸ்வர்யா குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி பூட்டியிருந்த கார்த்திகை மாசம். வருஷம் முழுக்க ஏமாற்றின வானம், வேலை இல்லாத நாளாகப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. கரிசல் மண் செருப்பில் அப்பி ஆளை இரண்டு அங்குலம் உயர்த்தியது. அந்தச் சகதிக்குள் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முதலாளி ராஜபாண்டியனின் மனைவி ஐஸ்வர்யா இறங்கினாள். பாரம்பரியக் கைவினை மகளிர் மாமன்றத்தின் தலைவி அவள். செயலாளர் அவள் தங்கை. பொருளாளர் தங்கையின் சிநேகிதி. இம்மூவரைத் தாண்டி மாமன்றம் இன்னும் வளரவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைவேலை செய்கிற குடும்பம் ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மாரித்தாய் குழாய் உருட்டுகிறதை மனசில் வைத்துப் போர்மேன் அவள் பேரைச் சொல்லிவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் ஐஸ்வர்யா கேட்டாள்: "இது எத்தனை ஜெனரேஷனா உங்க குடும்பத்துல இருக்கும்மா?"

"எங்காத்தா மண்ணுல செஞ்சா. நான் காயிதத்துல செய்யிறேன். எம்மக ஒயருல பின்னுவா. பேத்தி தெர்மாக்கோலு" என்றாள் மாரித்தாய். மருமகளைக் காட்டி, "இவளுக்கு மட்டும் இன்னும் கை வணங்கல. வந்துரும்" என்றாள்.

பானுப்பிரியா காப்பி டம்ளரோடு உள்ளே போய்விட்டாள்.

ஐஸ்வர்யா பாதி முடிந்த ஒரு கிளியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன பேர்டு?"

"கிளி."

"ஆமாமா. மாடர்ன் ஆர்ட் மாதிரி பண்ணியிருக்கீங்க."

"அதெல்லாம் இல்லம்மா. கிளிதான்."

"இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் எங்க?"

"அம்புட்டும் ஊருக்குள்ளதான் இருக்கு. வீட்டுக்கு வீடு ஆணியடிச்சு மாட்டிருக்காக. நல்லது கெட்டதுக்குப் போகையில நானே பாக்குறேன்ல."

ஐஸ்வர்யா நெஞ்சில் கைவைத்தாள். "ஊரே ஒரு மியூசியம்! எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சுப் பாக்கணும்மா. வர்ற ஞாயித்துக்கிழமை சமுதாயக்கூடத்துல கண்காட்சி. எங்க சார் வருவாங்க. மதுரையில இருந்து ஒரு ஆராய்ச்சி அறிஞர் வருவாரு."

மாரித்தாயின் முகத்தைப் பானுப்பிரியா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தை அவள் அந்த வீட்டில் பார்த்ததில்லை. ஓவியா பிறந்த அன்றைக்குக்கூட இந்த வெளிச்சம் இல்லை. 

கார் சகதியைவிட்டுக் கிளம்புமுன்னே சின்னத்தாய் வீட்டில் பெண்கள் கூடிவிட்டார்கள். அங்கேதான் ஒவ்வொருத்தியும் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்ல மாட்டுத்தொழுவத்துல கட்டுனோம். மாடு பால் மடக்கிக்கிருச்சு."

"நான் கம்மாயில விட்டேன் மதினி. முங்கிருச்சுன்னு திரும்புனா, மொதந்துக்கிட்டு என்னையவே பாக்குது. வெளக்கு வைக்கிற நேரம் வேற."

"எம்மாப்பிள்ள அத சைக்கிளுக்குத் திருஷ்டிக்குக் கட்டிருந்தாரு. சைக்கிளே களவு போச்சு."

"அப்ப களவாணிக்கு நல்ல தைரியந்தான்" என்றாள் சின்னத்தாய். "ஏ பானு, பேசாம சித்திகிட்ட உள்ளதச் சொல்லிருவமா?"

"சொல்லிட்டு? திரும்பச் சொவரப் பாத்துப் படுத்தாகன்னா நீங்க வந்து எழுப்புவீகளா?" பானுப்பிரியாவுக்குக் குரல் உடைந்தது. "அன்னைக்கு அவுக கெடந்தத நான்ல பாத்தேன். இந்தத் தடவ ஊரு பாக்க, பங்களாக்காரி பாக்க, மேடையில வச்சு... வேணாம் மதினி. அந்த மனுசி தாங்கமாட்டா."

 மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சின்னத்தாய்தான் சொன்னாள்: "நாம என்ன குழாய் உருட்டாதவளுகளா? செஞ்சுருவோம்."

செழியன் குட்டியானை லோடு வண்டி வைத்திருந்தான். சிவகாசிக்குப் போய் ஒரு அச்சாபீஸின் பின்பக்கத்திலிருந்து கழிவுத் தாளை அள்ளிக்கொண்டு வந்தான். அவிழ்த்துப் பார்த்தால் பாதிக்கட்டு காலண்டர் தாள், மீதி முதலாளி ராஜபாண்டியனின் பிறந்தநாள் போஸ்டர். மை சேர்மானம் தவறி முகம் முழுக்கப் பச்சையாக விழுந்திருந்தது.

"ஆத்தாடி, என்னா ஒரு கிளிப்பச்ச!" என்றாள் சின்னத்தாய். "கடையில தேடுனாலும் கெடைக்காது. மீசைய றெக்கைக்கு வச்சுக்கிருவோம்."

முதலாளியைப் பட்டை பட்டையாக வெட்டினார்கள். பல பேருக்கு அது கைக்கு இதமான வேலையாக இருந்தது.

ஆனால் கிளி வரவில்லை. அதாவது, வந்தது, அதுதான் சிக்கல். வருஷக்கணக்காகக் குழாய் உருட்டிய கைகள். பட்டை பிசகாமல், கழுத்து வளையாமல், வாலில் இறகு இறகாக அழகழகாக வந்து உட்கார்ந்தது.

பானுப்பிரியா தலையில் கைவைத்தாள். "என்ன மதினி இது? கிளி மாதிரி இருக்கு!"

"கிளி மாதிரி இல்லாம?"

"அத்தை செஞ்சது எதுவாச்சும் கிளி மாதிரி இருந்திருக்கா? பாத்தவொடன மாட்டிக்கிருவோம். பிரிங்க, பிரிங்க."

வேண்டுமென்றே கோணலாக்கினால் அது வேண்டுமென்றே கோணலாக்கியதாகத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு செய்து பார்த்தார்கள். இடது கையால் செய்து பார்த்தார்கள். காராச்சேவும் காப்பியும் தீர்ந்தன. கடைசியில் எரிச்சல்பட்டு, வேலையை மறந்து, சின்னத்தாய் தன் நாத்தனார் பவுசைச் சொல்லி எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கைபாட்டுக்கு உருட்டியது ஒன்று சரியாக அமைந்தது. கழுத்து ஒருபக்கம் சாய்ந்து, வயிறு கீழே தொங்கி, என்னவோ கேட்க வந்து மறந்துபோனது மாதிரி.

"இதான்! இதே முழிதான்!"

அதற்கப்புறம் கிளிகள் வரிசையாக வந்தன. மழை விட்ட பிறகும் ஒருத்தியும் எழுந்து போகவில்லை. பானுப்பிரியாவின் கைதான் எல்லாரையும்விட முந்தியது. வெந்து ஆறின விரல்கள் முழுதாக மடங்காது. அதனால் அவள் பாடுபடாமலே எல்லாம் கோணிக்கொண்டது. "பானு கையி அச்சு அசலா சித்தி கையி" என்றார்கள். கிண்டலாகத்தான் சொன்னார்கள். அவளுக்கு என்னவோ காது சூடாயிற்று. தான் செய்த முதல் கிளியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்கு மூக்கு கொஞ்சம் நீளமாகி, யாரையோ முத்தமிடப் போவது மாதிரி நின்றது. வீட்டுக்கு வந்தும் அதற்குப் பொருத்தமான கண்ணைத் தேடிக் காலண்டர் தாளைப் புரட்டினதில் உலை பொங்கி அடுப்பு அணைந்தது.

"வெரலெல்லாம் என்ன பசை?" என்று கேட்டாள் மாரித்தாய்.

"தோசைக்கு மாவு கரைச்சேன் அத்தை."

மாரித்தாய் சட்டியைப் பார்த்தாள். அதில் சோறு அரைவேக்காடாய்க் கிடந்தது. 

புதுசு என்று தெரியக்கூடாதென்று கிளிகளைத் தேயிலைச் சாயத்தில் முக்கிக் காயவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சமுதாயக்கூடத்தில் நீளமேசை போட்டு, வீட்டுக்கொன்றாக அடுக்கினார்கள். நடுவில் சின்னத்தாய் வீட்டுப் பழைய கிளி, ஒரிஜினல், அழுத கண்ணோடு. மாரித்தாய் சுங்குடிச் சேலையில், முதல் வரிசையில், முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மதுரை அறிஞர் பூதக்கண்ணாடியோடு வந்திருந்தார். தேயிலை வாடை அடிக்கிற ஒரு கிளியை மூக்குக்கு நேராகப் பிடித்து, "இந்தப் பழுப்பைக் கவனியுங்கள். குறைந்தது நாற்பது ஆண்டுக் காலத்தின் சுவாசம் இதில் படிந்திருக்கிறது" என்றார். கைதட்டினார்கள். நாற்பது ஆண்டைப் புதன்கிழமை முக்கியெடுத்த சின்னத்தாய் எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினாள்.

ராஜபாண்டியன் ஒரு கிளியைக் கையில் ஏந்தி ஃபோட்டோவுக்கு நின்றார். தன்னுடைய மீசையையே விரலால் தடவிப் பார்த்து, "றெக்கை என்ன அடர்த்தி! ஒரு கம்பீரம் இருக்கு. இந்தக் கலைஞர்களுக்குள்ள ஏதோ தெய்வீகம் இருக்கு" என்றார். பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின.

அப்புறம் ஐஸ்வர்யா மைக்கைப் பிடித்தாள். ஒரு கிளியைத் தலைகீழாகத் தூக்கினாள். வால் விரிந்தது.

"அட, இதுல தேதி எல்லாம் இருக்கே. தை மாசம், பொங்கல்..." கண்ணைச் சுருக்கினாள். "இது... அடுத்த வருஷம் போட்டிருக்கு?"

பானுப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உலகத்துக்கெல்லாம் வருஷம் தை மாசத்தை ஒட்டிப் பிறந்தால், சிவகாசிக்கு மட்டும் அது ஆடி மாசத்திலேயே அச்சாகி வந்துவிடும். அந்த ஊர்க் கழிவுத் தாளில் எப்போதும் அடுத்த வருஷம்தான் இருக்கும். அத்தனை பேரும் அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தாளைப் பார்த்தார்கள், பச்சையைப் பார்த்தார்கள். நாற்பது வருஷப் பழைய கிளியின் வாலில் வரப்போகிற பொங்கல் இருக்கிறதை ஒருத்தியும் பார்க்கவில்லை. பழகிய கண்ணுக்கு அது தேதியாகவே படவில்லை.

 அறிஞர் பூதக்கண்ணாடியைத் துடைத்தார்.

மாரித்தாய் எழுந்தாள். மெதுவாக நடந்துபோய் அந்தக் கிளியை வாங்கினாள். வாலைப் பார்த்தாள். மேசை முழுக்க அடுக்கியிருந்த கிளிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். பிறகு பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பானுப்பிரியா குனிந்துகொண்டாள்.

"வாலு நான் மாத்துனதும்மா" என்றாள் மாரித்தாய் மைக்கில். "பழைய வாலு வெளுத்துப்போச்சு. வருசா வருசம் வீடுவீடாப் போயி மாத்திவிடுவேன். இந்த வருசம் எல்லாத்துக்கும் மாத்தியாச்சு."

"புதுப்பித்தல் மரபு!" என்று அறிஞர் கூவினார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

விழா முடிவில் ஞாபகார்த்தமாக ஒரு கிளியைப் பங்களாவுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். மாரித்தாய் மேசை ஓரமாக நடந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள், நடுவில் இருந்த அழுத கண் கிளியை, அந்த ஒற்றை ஒரிஜினலை, எடுத்து ஐஸ்வர்யா கையில் வைத்தாள்.

"பத்திரமா வச்சுக்கங்கம்மா. அது நெறைய எடம் பாத்த கிளி" என்றாள்.

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? பானுப்பிரியாவுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியமில்லை. வால் மாற்றினதாகச் சொன்னதை அவளே நம்புகிறாளோ என்றுகூடத் தோன்றியது.

மற்ற கிளிகளைத் திருப்பி எடுக்கும்போதுதான் கூடத்தில் அடிதடி வந்தது.

"அது எங்கிளி, வைய்யி கீழ!"

"இது எங்கிளிடி. வகுத்துல பாரு, மொதலாளி மோதரம் இருக்கு."

"ஓங்கிளிக்கு ரெண்டு கண்ணும் ஒரே பிள்ளைக் கண்ணு. எனக்கு அடையாளம் தெரியாதாக்கும்?"

அன்றைக்குச் சாயங்காலம் கீழத்தெருவில் காலியாக இருந்த ஆணிகளெல்லாம் நிரம்பின. சீனிச்சாமி வாசலிலேயே சாப்பிடப் பழகிக்கொண்டான்.

கம்பெனி திறக்க இன்னும் சில நாள் இருந்தது. ஒரு காலையில் மாரித்தாய் டப்பாவில் சேவு கட்டிக்கொண்டு, பங்களாவில் கிளியை எப்படி மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவர மினிபஸ்ஸுக்குப் புறப்பட்டாள். முந்தின நாளே போனில் சொல்லியிருந்தாளாம். அவள் தெருமுனை திரும்பின சமயம், பங்களா டிரைவர் கருப்பணன் சந்துவழியாக பைக்கில் வந்து இறங்கினான். அதே ஊர்க்காரன்தான்.

"மதினி, காப்பாத்துங்க. ஒரு கிளி வேணும்."

"எதுக்குலே?"

"பங்களா ஹால்ல மாட்டுனாக. சின்னப் பாப்பா அதப் பாத்து வீல்னு கத்துது, சோறு திங்க மாட்டேங்குது. தோட்டக்காரன்ட்டக் குடுத்தாக. அவன் குப்பை வண்டியில ஏத்திவிட்டான். இப்ப ஒங்க அத்தை வாராகளாம்ல? அம்மா என்னைய வெரட்டுறாக, ஊர்ல எல்லா வீட்லயும் இருக்கும், ஒண்ணு வாங்கிட்டு ஓடியான்னு."

ஒரிஜினல் போய்விட்டது. ஊரெல்லாம் சுற்றிப் பிழைத்த கிளி, பங்களாவில் பத்து நாள் தாங்கவில்லை.

பானுப்பிரியா சின்னத்தாய் வீட்டுக்கு ஓடினாள். "எங்கிளியா? ஆணியில தொட்டே கைய ஒடிப்பேன்" என்றாள் சின்னத்தாய். எதிர்வீட்டுக்கு ஓடினாள். அங்கே கிளிக்குப் பூச்சூட்டி வைத்திருந்தார்கள். தெரு முழுக்கக் கிளி; இரவல் தர ஒரு வீடு இல்லை. திரும்பி வந்தாள். அலமாரியில், சேலைக்கு அடியில், முத்தமிடப் போகிற மூக்கோடு அவள் கிளி இருந்தது. எடுத்தாள். வைத்தாள். மாரித்தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அந்த முதுகு ஞாபகத்துக்கு வந்தது. மறுபடி எடுத்து மஞ்சப்பையில் போட்டாள்.

"மூக்கப் புடிச்சுத் தூக்காத. வால நசுக்காத" என்றாள் கருப்பணனிடம். "அவுக கெளம்புனதும் எங்கிட்டத் திருப்பிக் குடுத்துரணும். குப்பைவண்டிக்குப் போச்சு, நீ இந்த ஊருக்குள்ள வரமுடியாது பாத்துக்க."

மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மாமியாருக்குத் தெரிந்துவிடுமோ என்பது பாதி. கிளியை அந்த வீட்டுப் பாப்பா பார்த்து அழுமே என்பது மீதி. இரண்டாவது கவலைக்காகத் தன்மேலேயே அவளுக்கு வெட்கம் வந்தது.

சாயங்காலம் மாரித்தாய் வந்தாள். செருப்பிலிருந்த கரிசலை வாசற்படியில் சுரண்டினாள். தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

"எப்பிடி வச்சிருக்காக அத்தை?" என்றாள் பானுப்பிரியா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஹால்ல, நட்டநடுவுல. லைட்டெல்லாம் போட்டு." மாரித்தாய் கைப்பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து பானுப்பிரியாவின் கிளியை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "ரிப்பேர் பண்ணித் தாரேன்னு சொல்லிக் கழட்டிட்டு வந்துட்டேன். சேலைக்கடியில ஒளிச்சு வச்ச மொதக் கிளிய ஆராச்சும் வெளிய விடுவாகளா? கிறுக்குப் பிள்ள."

 பானுப்பிரியா கிளியின் மூக்கைத் தடவினாள். நசுங்கவில்லை.

"அத்தை... ஒங்களுக்கு எப்பருந்து..."

"சாத்தூர்லருந்துதான். கோழிக்கூட்டுல கெடந்ததுக்கு ரெண்டு கண்ணும் நல்லாருந்துச்சு. நீ மாட்டுனதுக்கு எடது கண்ணுல பசை வழிஞ்சிருந்துச்சு. அன்னையிலருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் அதே அழுத கண்ணு. நான்தான் வீடுவீடாப் போறேன்னு பாத்தா, அதுவும் எங்கூடவே வருது."

"அப்பறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? மஞ்சப்பையத் தூக்கிட்டு வேகாத வெயில்ல சந்துசந்தா ஓடுற. எனக்குத் தெரியும்னு சொன்னா மனசு விட்டுப்போவ. போற எடமெல்லாம் நான் செருப்பு மாட்டவே அம்புட்டு நேரம் எடுத்தது எதுக்குன்னு நெனச்ச?"

பானுப்பிரியா மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள். இரண்டும் கலந்து தும்மல் மாதிரி வந்தது.

"கழுத்துல கம்பிய இன்னொரு சுத்து இறுக்கிருக்கணும்" என்றாள் மாரித்தாய். "மத்தபடி நல்ல கையி."

நல்ல கை என்று அந்தக் குடும்பத்தில் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று பானுப்பிரியாவுக்குத் தெரியும். இருந்தும் காது சூடாயிற்று.

"பங்களாவுக்கு இப்ப என்ன செய்ய? ரிப்பேர்னுல்ல சொல்லிட்டு வந்திருக்கீக."

"அதத்தான் மினிபஸ்ஸு பூரா ரோசிச்சுக்கிட்டு வந்தேன்." மாரித்தாய் சம்மணம்போட்டு உட்கார்ந்து தாள்கட்டைப் பிரித்தாள். கத்தரிக்கோலைச் சேலையில் துடைத்தாள். "கிளின்னா லேசா இருக்கு, தூக்கிப் போட்டுருறாக. மயிலு செய்வோம். தோகைய விரிச்ச மயிலு, ஒன் ஒசரத்துக்கு. வெளிய கொண்டுபோகணும்னா நாலாளு வேணும், கதவக் கழட்டணும்."

"அம்புட்டுப் பெருசுக்குத் தோகையில கண்ணு நெறைய வேணுமே அத்தை."

"அதான். பூராக் கண்ணும் பிள்ளைக் கண்ணு வைப்போம்" என்றாள் மாரித்தாய். "நீ அந்தக் காலண்டர எடு."